இரண்டாவது வரிசையில் முப்பது வருஷம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

ஹெட்ஃபோன் கையில் இருந்தா மாட்டிக்கோங்க. இன்னைக்கு இசை பற்றிய எபிசோட். ஆனா பாடகர், இசையமைப்பாளர், கண்டக்டர் இவங்க யாரைப் பற்றியும் இல்லை. கண்டக்டர்னா பஸ் கண்டக்டர் இல்லைங்க, கையில் குச்சியோட முன்னாடி நிற்கிறவர். நான் சொல்லப்போறது அந்தக் குச்சியைப் பார்த்து வாசிச்ச ஒருத்தரைப் பற்றி. வயலின்களுக்குப் பின்னாடி, புல்லாங்குழல், ஓபோ வரிசைக்கும் பின்னாடி உட்கார்ந்து, முப்பது வருஷம் ஒரே ஆர்கெஸ்ட்ராவில் ஒரே வாத்தியத்தை வாசித்தவர். பெயர் யூலியுஸ் வைஸன்போர்ன். ஊர் ஜெர்மனியில் லைப்சிக். வாத்தியம் பாசூன்.

"யாருப்பா இது, கேள்விப்பட்டதே இல்லையே"ன்னு தோணுதா? நியாயம்தான். பாசூன் வாசிக்காதவங்களுக்கு இவரைத் தெரிய வேண்டிய தேவை வந்திருக்காது. ஆனா பாசூன் கத்துக்கிற ஒருத்தரைப் பிடிச்சு இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்க. "ஓ, அந்தப் புஸ்தகமா!"ன்னு சொல்வாங்க. ஆள் இறந்து 130 வருஷத்துக்கு மேல ஆகுது. அந்தப் புஸ்தகம் மட்டும் இன்னும் மியூசிக் ஸ்டாண்டை விட்டு இறங்கலை. அது எப்படி நடந்ததுன்னுதான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

மடித்து வைத்த எட்டடிக் குழாய்

முதல்ல வாத்தியம். பாசூனை முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு அது ஒரு வாத்தியம்னு புரியவே கொஞ்ச நேரம் ஆகும். கிட்டத்தட்ட நாலரை அடி உயரம். பழுப்புச் சிவப்பு மேப்பிள் மரம், அது முழுக்க உலோகக் கம்பிகளும் மூடிகளும். உள்ளே காற்று போகும் குழாயின் நீளம் சுமார் இரண்டரை மீட்டர், அதாவது எட்டு அடிக்கு மேல். அவ்வளவு நீளத்தை நேராகப் பிடிக்க முடியாதே. அதனால குழாய் கீழே இறங்கி, அடியில் யூ வளைவு போட்டு, திரும்ப மேலே ஏறுது. ஜெர்மன்காரர்கள் இதை ஃபாகோட் என்பார்கள், இத்தாலிக்காரர்கள் ஃபாகோட்டோ என்பார்கள். விறகுக் கட்டு மாதிரி இருக்கிறதால வந்த பெயர்.

வாய் வைக்கிற இடம் நமக்குத் தெரிஞ்சதுதான். நாகஸ்வரத்துக்கு சீவாளி எப்படியோ, பாசூனுக்கு ரீட் அப்படி. ரெண்டுமே நாணல் வகைத் தட்டையில் செய்தவை. ரெண்டு தகடுகள் சேர்ந்திருக்கும், நடுவில் காற்றைச் செலுத்தினா அவை அதிர்ந்து ஒலி வரும். நாகஸ்வரக்காரர் வாத்தியத்தில் நாலைந்து சீவாளிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார், பார்த்திருப்பீங்க. பாசூன்காரர் ஒரு சின்னப் பெட்டியில் ரீட்களை அடுக்கி வச்சிருப்பார். நாணலைக் கத்தியால சீவி, கம்பி சுற்றி, நூல் கட்டி, ஊதிப் பார்த்து, திரும்பச் சீவி, பெரும்பாலான வாசிப்பாளர்கள் தங்களுக்கான ரீட்டைத் தாங்களேதான் செய்துக்கிறாங்க. ஒரு நல்ல ரீட் சில வாரம் உழைக்கும். மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப அதன் குணம் மாறும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவினாலே ஒலி வேற ஆயிடும்.

அப்புறம் விரல். இடது கைக் கட்டைவிரலுக்கு மட்டும் எட்டு, ஒன்பது கீ இருக்கும். நாம ஃபோன்ல கட்டைவிரலால டைப் பண்றதே பெரிய சாதனைன்னு நினைச்சுட்டு இருக்கோம்!

இந்த ஒலியை நீங்க ஏற்கெனவே கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். டிஸ்னியின் 1940-ம் வருஷப் படம் 'ஃபான்டேசியா'வில் மிக்கி மவுஸ் துடைப்பத்துக்கு உயிர் கொடுக்கிற காட்சி இருக்கே, அதில் துடைப்பம் தத்தித் தத்தி நடக்கும்போது கேட்கிறது பாசூன். புரோகோஃபியெவின் 'பீட்டரும் ஓநாயும்' கதையிசையில் முணுமுணுக்கும் தாத்தாவுக்கும் பாசூன்தான். இதனாலேயே பாசூனை ஒரு காமெடி வாத்தியமா நினைக்கிறவங்க உண்டு. ஆனா சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி, ஒரு மனுஷனின் ஆகப்பெரிய துக்கம் மாதிரி இருக்கும் அந்த சிம்பொனி, தொடங்குறதும் பாசூனின் அடிக்குரலில்தான். சிரிப்பும் அழுகையும் ஒரே குழாயில் இருக்கு.

துணிக்கூடத்து ஆர்கெஸ்ட்ரா

இப்ப லைப்சிக்குக்குப் போவோம். அது வணிகர்களின் ஊர். 1743-ல் அந்த ஊர் வியாபாரிகளும் பிரமுகர்களும் பணம் போட்டு 16 கலைஞர்களோட ஒரு கச்சேரி அமைப்பைத் தொடங்கினாங்க. 1781-ல் அது துணி வணிகர்களின் கூடத்துக்கு இடம் மாறுச்சு. அந்தக் கூடத்துக்கு கெவாண்ட்ஹவுஸ்னு பெயர். கூடத்தின் பெயரே ஆர்கெஸ்ட்ராவின் பெயராகவும் ஆச்சு. அரசனோ கோயிலோ தொடங்காமல் ஊர்க்காரங்களே தொடங்கி நடத்தின ஆர்கெஸ்ட்ரா. 1835-ல் மெண்டல்சன் அதன் தலைமைக்கு வந்த பிறகு ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது.

வைஸன்போர்ன் பிறந்தது 1837 ஏப்ரலில், துரிங்கியா பகுதியில் ஒரு சின்ன ஊரில். 1857-ல், இருபது வயசில், கெவாண்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ராவின் முதல் பாசூனாக ஆனார். முதல் பாசூன்னா அந்தப் பிரிவுக்கே பொறுப்பு. தனியா ஒரு வரி வந்தால் அதை வாசிக்கிறது அவர். இப்ப யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊரில் காலேஜ் மூணாம் வருஷம் படிக்கிற பையனின் வயசு அது.

அந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு வேலை கச்சேரி மட்டும் இல்லை. ஊரின் ஆபெரா அரங்கத்திலும் அவங்கதான் வாசிக்கணும், பாக் பணியாற்றிய தாமஸ் தேவாலயத்திலும் அவங்கதான் வாசிக்கணும். இன்னைக்கு வரைக்கும் அந்த மூணு வேலையும் அதே ஆர்கெஸ்ட்ராவுக்குத்தான்.

அவர் சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. 1859 ஜனவரி 27. பிராம்ஸ் என்கிற 25 வயசுப் பையன் வர்றான். தான் எழுதின முதல் பியானோ கன்சர்ட்டோவைத் தானே வாசிக்கிறான். முடிஞ்சதும் ஒரு சிலர் கை தட்டப் பார்த்தாங்க. அதையும் அமுக்கிற மாதிரி நாலா பக்கமும் "உஸ்ஸ்" சத்தம். லைப்சிக் அவனை ஏத்துக்கலை. பாசூன்காரருக்கு அப்ப 21 வயசு.

அப்படியே இருபது வருஷம் தள்ளிப் போங்க. நடுவில் 1862-ல் வாக்னர் வந்து 'மைஸ்டர்ஸிங்கர்' முன்னிசையை முதல் தடவையாக அங்கே நடத்திட்டுப் போனார். 1869-ல் பிராம்ஸின் 'ஜெர்மன் ரெக்வியம்' ஏழு பகுதிகளோட முழுசா முதல் தடவை அங்கே அரங்கேறியது. இதெல்லாம் தாண்டி 1879 ஜனவரி 1. அதே கூடம், அதே பிராம்ஸ். இப்ப கண்டக்டராக. பக்கத்தில் அந்தக் காலத்தின் பெரிய வயலின் மேதை யோவாகிம். பிராம்ஸின் வயலின் கன்சர்ட்டோவுக்கு முதல் அரங்கேற்றம்.

அந்தப் படைப்பின் முதல் வரியை யார் வாசிக்கிறாங்கன்னு தெரியுமா? யோவாகிம் இல்லை. அவர் ரெண்டு நிமிஷத்துக்கு மேல சும்மா நிற்கணும். ஆரம்பிக்கிறது வயோலாக்கள், செல்லோக்கள், கூடவே பாசூன்கள். உலகம் இன்னைக்கும் கேட்டுட்டு இருக்கிற ஒரு படைப்பின் முதல் ஒலியில் பாசூன் இருக்கு. அப்ப முதல் பாசூன் பதவியில் இருந்தவர் வைஸன்போர்ன். வரலாறு எழுதினவங்க பிராம்ஸ் பெயரை எழுதினாங்க, யோவாகிம் பெயரை எழுதினாங்க. இரண்டாவது வரிசை வரை யாரும் போகலை.

நான் இதைக் குறையாகச் சொல்லலை. ஆர்கெஸ்ட்ராவின் அமைப்பே அப்படி. பாசூனின் வேலையில் பெரும்பகுதி மற்றவங்களைத் தாங்குறது. செல்லோ ஒரு வரியை இழுக்கும்போது கூடவே ஊதி அதுக்கு ஒரு ஓரம் கொடுக்கணும். கிளாரினெட் பாடும்போது கீழே நின்னு சுருதியைக் கட்டணும். நல்லா செய்தா நீங்க கேட்கவே மாட்டீங்க. "செல்லோ இன்னைக்கு என்னமா இருக்கு!"ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போவீங்க. டீம்ல வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது புரியும். ஸ்லைடில் பெயர் வர்றது ஒருத்தருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வரைத் தூக்கி நிறுத்தினது இன்னொருத்தர்.

ஆறு வருஷ வாத்தியார்

1882-ல் வைஸன்போர்ன் லைப்சிக் இசைக் கல்லூரியில் பாசூன் ஆசிரியரானார். 1843-ல் மெண்டல்சன் தொடங்கின கல்லூரி அது. அப்ப இவருக்கு 45 வயசு. ஆர்கெஸ்ட்ராவில் கால் நூற்றாண்டு வாசிச்சாச்சு. ஒரு மாணவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான், எந்த விரல் தடுமாறும், எந்தச் சுரம் சுருதி விலகும்னு அவர் உடம்புக்கே தெரிஞ்சிருக்கும்.

இங்கே ஒரு பின்னணி சொல்லணும். அந்த நூற்றாண்டில் பாசூனே மாறிட்டு இருந்தது. கார்ல் அல்மென்ரேடர்னு ஒரு பாசூன்காரர். ஓட்டைகளின் இடத்தை மாற்றி, கீகளைக் கூட்டி, சுருதி சுத்தமாக வர்ற மாதிரி வாத்தியத்தைத் திருத்தினார். 1831-ல் ஹெக்கெல் என்ற இளம் கைவினைஞரோட சேர்ந்து பட்டறை போட்டார். இன்னைக்கு உலகத்தில் பெரும்பாலானவங்க வாசிக்கிறது அந்த வழியில் வந்த பாசூன்தான். வாத்தியம் மாறினா விரல் பழக்கம் மாறணும், விரல் பழக்கம் மாறினா பாடமும் மாறணும். கையில் புது வாத்தியத்தோட நிற்கிற மாணவனுக்கு முதல் நாளிலிருந்து வழி காட்ட ஒரு பாடத்திட்டம் தேவைப்பட்டது.

வைஸன்போர்ன் அதை எழுதினார். 1887-ல் அவருடைய பாசூன் பாடநூல் வெளிவந்தது. அதோட ஓபஸ் 8 என்ற பயிற்சித் தொகுப்பு ரெண்டு பகுதிகளாக. முதல் பகுதி ஆரம்ப மாணவர்களுக்கு, ரெண்டாவது பகுதியில் தேர்ந்தவர்களுக்கு 50 பயிற்சிகள்.

அந்தப் பாடநூலைப் புரட்டிப் பார்த்தப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. பாடங்களில் ரெண்டு பாசூனுக்கு வரிகள் இருக்கும். மேல் வரி மாணவனுக்கு, கீழ் வரி ஆசிரியருக்கு. மாணவன் நாலே நாலு சுரத்தைத் தட்டுத் தடுமாறி ஊதிட்டு இருப்பான். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து அதுக்குக் கீழ்க்குரல் வாசிப்பார். அந்த நாலு சுரமும் உடனே பாட்டாயிடும். சுருதி எப்படிச் சேர்க்கணும், அடுத்தவர் வாசிக்கும்போது காதை எங்கே வைக்கணும்னு தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆர்கெஸ்ட்ராவில் முப்பது வருஷம் மற்றவங்களைத் தாங்கின மனுஷன், வகுப்பிலும் அதையேதான் செய்தார்.

பயிற்சிகளும் அப்படித்தான். ஒவ்வொரு சுரத்தையும் முழு நீளத்துக்கு நிறுத்தி ஊதுறது ஒரு பாடம். சுரங்களை ஒரே மூச்சில் கோர்க்கிறது ஒரு பாடம். நாக்கால் துண்டு துண்டாக வெட்டுறது ஒரு பாடம். பாசூனுக்கு மேல் சுரங்கள் வந்தா, எழுதுற முறையே மாறும். சுரக்கோட்டின் ஆரம்பத்தில் வேற குறியைப் போட்டுடுவாங்க, படிக்கிறவனுக்குத் தலை சுத்தும். அதுக்கும் தனிப் பயிற்சி. எல்லாமே வெறும் ஏற்ற இறக்கமாக இல்லாமல் சின்னச் சின்னப் பாட்டாக இருக்கும். மேடையில் தனியா வாசிக்க பாசூனுக்கு அந்தக் காலத்தில் படைப்புகள் குறைவு. அதனால மாணவர்களும் வாசிக்கிற மாதிரி கேப்ரிச்சியோ, ஹ்யூமரெஸ்க்னு பியானோவோட சேர்ந்து வாசிக்கும் குட்டிப் படைப்புகளையும் எழுதி வச்சார்.

புஸ்தகம் வந்த அதே 1887-ல் ஆர்கெஸ்ட்ராவிலிருந்து விலகினார். அடுத்த வருஷம், 1888 ஏப்ரல் 21, இறந்துட்டார். வயசு 51. கல்லூரியில் பாடம் சொன்னது மொத்தம் ஆறே வருஷம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. இசைத்தட்டு சுழலும் கிராமஃபோனுக்கு எமில் பெர்லினர் காப்புரிமை வாங்கினதும் 1887-லதான். ஒலிப்பதிவு ஊரெல்லாம் பரவும்போது வைஸன்போர்ன் உயிரோட இல்லை. முப்பது வருஷம் அவர் ஊதின காற்றில் ஒரு நொடி கூட நம்மகிட்ட இல்லை. அவர் வாசித்த பழைய கூடத்தை இடிச்சுட்டாங்க. 1884-ல் திறந்த புதுக் கூடம் இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் போயிடுச்சு. ஒலியும் இல்லை, ஒலிச்ச சுவரும் இல்லை. மாணவனுக்காக எழுதின வரிகள் மட்டும் இருக்கு.

"வாத்தியார் வேலைதானே?"

நான் இந்த ஆளைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கிறதுக்கு ஒரு காரணம் உண்டு. "வக்கத்தவன் வாத்தியார், போக்கத்தவன் போலீஸ்"னு நம்ம ஊரில் ஒரு சொலவடை இருக்கே, அதை நான் எங்க வீட்டு விசேஷங்களில் வளர வளரக் கேட்டிருக்கேன். எங்க அம்மா கணக்கு டீச்சர். சொந்தக்காரங்க யாராவது சிரிச்சுக்கிட்டே அதைச் சொல்வாங்க. அம்மாவும் சிரிச்சுட்டு, "காபி எடுத்துக்கோங்க மாமா"ன்னு தட்டை நீட்டுவாங்க. எனக்குத்தான் காது சூடாகும்.

அந்தச் சொலவடைக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. செய்யத் தெரிஞ்சவன் செய்வான், செய்ய முடியாதவன் சொல்லித் தருவான்னு. பாசூன் உலகத்தில் அந்தக் கணக்கு செல்லுபடியாகாது. அங்கே முதல் இருக்கையில் உட்கார்ந்தவங்கதான் சொல்லித் தர்றாங்க. ஏன்னா ரீட் சீவுறதை எழுத்தில் படிச்சு மட்டும் கத்துக்க முடியாது. கத்தி எந்தக் கோணத்தில் போகணும், எங்கே நிறுத்தணும்னு ஒருத்தர் பக்கத்தில் இருந்து காட்டணும். திருவாவடுதுறையில் சீவாளி செய்கிற குடும்பங்களில் அந்த வித்தை கைக்குக் கை போற மாதிரிதான்.

கிட்டத்து உதாரணம் ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவின் பிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா. அதன் முதல் பாசூன் இருக்கையில் 1937 முதல் 1957 வரை சோல் ஷோன்பாக். அதுக்கப்புறம் 1957 முதல் 2000 வரை, 43 வருஷம், பெர்னார்ட் கார்ஃபீல்ட். 63 வருஷத்தில் ரெண்டே பேர்! ஒரு ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் முப்பது பேர் இருந்தா பாசூன்காரர்கள் மூணு, நாலு பேர்தான். ஒருத்தர் எழுந்தாத்தான் இன்னொருத்தர் உட்கார முடியும். இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கிற ஒவ்வொரு இளைஞரும் இதைத் தெரிஞ்சேதான் வர்றாங்க.

கார்ஃபீல்ட் ஓய்வு பெற்றதும் 2000-ல் அந்த இருக்கைக்கு வந்தவர் டேனியல் மட்சுகாவா. அவர் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் கார்ஃபீல்டிடம் படித்தவர். நம்ம ஊர்ப் பாஷையில் குருபரம்பரை. ஷோன்பாக் கதை இன்னும் சுவாரசியம். உலகத்தின் மிகச் சிறந்த ஆர்கெஸ்ட்ராக்களில் ஒன்றின் முதல் இருக்கையை 1957-ல் விட்டுட்டு, அதே ஊரில் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் இசை கத்துக்கிற செட்டில்மென்ட் மியூசிக் ஸ்கூலை நடத்தப் போனார். இருபது வருஷத்துக்கு மேல நடத்தினார். வக்கில்லாமல் போகலை. எல்லா வக்கும் இருந்துதான் போனார்.

எங்க அம்மாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். "ஆறு வருஷத்திலேயே புஸ்தகம் எழுதிட்டாரா, கெட்டிக்காரர்தான்"னு சொன்னாங்க. அப்புறம், "எனக்கு ஆறாம் வகுப்புக்குப் பின்னம் எப்படிச் சொல்லித் தரணும்னு புரியவே பத்து வருஷம் ஆச்சு"ன்னாங்க. பத்து வருஷம். ஒரு பாடத்துக்கு.

கேட்டுப் பாருங்க

சரி மக்களே, முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை தர்றேன். பிராம்ஸின் வயலின் கன்சர்ட்டோ, டி மேஜர், எந்த ஆப்பிலும் கிடைக்கும். முதல் பத்து, பதினைந்து நொடி மட்டும் கேளுங்க. செல்லோ தெரியும், வயோலா தெரியும். அதுக்குள்ள மர வாசனை மாதிரி ஒண்ணு கலந்திருக்கும், அதைப் பிடிக்கப் பாருங்க. முதல் தடவை பிடிபடாது. மூணாவது, நாலாவது தடவை பிடிபடும். ஒரு தடவை கேட்டுட்டா அப்புறம் கேட்காமல் இருக்க முடியாது.

வைஸன்போர்னின் பயிற்சிகளைப் பார்க்கணும்னா, ஐஎம்எஸ்எல்பி தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்க. காப்புரிமைக் காலம் முடிஞ்சதால இலவசமாகவே கிடைக்கும். யூடியூபில் பள்ளிப் பசங்க அவற்றை வாசிச்சுப் போட்டிருக்கிற வீடியோக்கள் ஏராளம். அமெரிக்காவில் மாநில அளவிலான மாணவர் ஆர்கெஸ்ட்ராத் தேர்வுகளுக்கு இன்னும் அவருடைய பயிற்சிகளைக் கேட்கிறாங்க. படுக்கையறையில் உட்கார்ந்து, பின்னாடி துணி குவிஞ்சு கிடக்க, ஒரு பதினாலு வயசுப் பொண்ணு 1880-களின் லைப்சிக் பாடத்தை ஊதிட்டு இருக்கும். ஒரு சுரம் தப்பும். நிறுத்தும். மறுபடி முதலில் இருந்து.

உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவங்க யாராவது ஞாபகம் வந்தா, பள்ளியோ, டிரைவிங் ஸ்கூலோ, முதல் ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருந்த அக்காவோ, அவங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க. இந்த எபிசோட் லிங்கையும் சேர்த்து அனுப்பினா எனக்கும் சந்தோஷம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.